நீலமானால் விஷமா? போர்சினி காளானை அடையாளம் காணும் முறை

கோடை முடிந்து மழை விழத் தொடங்கியதும் இத்தாலியின் அப்பென்னைன் மலைக்காடுகளுக்குள் கூடையும் கத்தியுமாக ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அவர்கள் தேடுவது போர்சினி. பார்மா பகுதியில் உள்ள போர்கோதாரோவின் போர்சினிக்குப் புவிசார் குறியீடே உண்டு. செஸ்ட்நட், பீச் (beech), ஓக், பைன் போன்ற மரங்களின் வேர்களோடு கூட்டுச் சேர்ந்து வாழும் காளான் இது. மரத்துக்கு நீரும் தாதுக்களும் திரட்டிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பண்ணையில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்ப முடிவதில்லை. கடையில் கிடைக்கும் போர்சினி எல்லாமே யாரோ காட்டில் குனிந்து பறித்தவை. பறித்தவரின் கண்தான் சாப்பிடுபவருக்குக் காவல்.

போர்சினியின் அறிவியல் பெயர் போலீட்டஸ் எடுலிஸ். இது சேர்ந்த கூட்டத்துக்கே போலீட் என்று பெயர். தொப்பியைத் திருப்பிப் பார்த்தாலே இந்தக் கூட்டத்தைப் பிரித்துவிடலாம். கடையில் வாங்கும் பட்டன் காளானுக்கு அடியில் மெல்லிய தகடுகள் வரிவரியாக இருக்கும். போலீட்டுக்கு அங்கே நுண்துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு நுண்குழாயின் வாய். வித்துகள் அந்தக் குழாய்களின் உட்சுவரில் உண்டாகி, அப்படியே கீழே உதிரும்.

இந்தப் பார்வையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உலகில் காளானால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பங்குக்குக் காரணமான 'மரணத்தொப்பி' அடியில் தகடுகள் உள்ள காளான். துளைகள் மட்டும் வேண்டும் என்று உறுதியாக நின்றால் அதன் பக்கமே போக மாட்டோம். இன்னும் விரியாத மொட்டில் இது தெரியாது. அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து பார்க்க வேண்டும்.

சரி, துளை இருக்கிறது. இது போர்சினிதானா?

முதலில் தண்டைப் பாருங்கள். அடி பருத்து, மேலே கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். தொப்பியை ஒட்டிய பகுதியில், வெளிர்ந்த தண்டின்மேல் இன்னும் வெளிறிய மெல்லிய வலைப்பின்னல் ஓடும். விரலால் தடவினாலே அதன் மேடு தட்டுப்படும். இளம் காளானில் துளைகள் வெள்ளையாக, அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். உண்மையில் நுண்ணிய பூஞ்சை இழைகளே அவற்றை அடைத்திருக்கின்றன. முதிர முதிர வாய் திறந்து மஞ்சளாகும், பிறகு ஆலிவ் பச்சைக்குப் போகும். தொப்பி பழுப்பு, விளிம்பில் பெரும்பாலும் மெல்லிய வெள்ளைக் கோடு. வெட்டினால் சதை வெள்ளையாக இருக்கும், காற்று பட்டாலும் வெள்ளையாகவே நிற்கும்.

இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு பொருந்துகிறதே என்று கூடையில் போடுபவர்கள்தான் கசப்பு போலீட்டிடம் மாட்டுவார்கள். அதற்கும் பழுப்புத் தொப்பி, பருத்த தண்டு. இளமையில் துளைகளும் வெள்ளை. ஆனால் அதன் தண்டில் உள்ள வலை தடித்து, தண்டைவிடக் கருத்திருக்கும். முதிர்ந்தால் துளைகள் இளஞ்சிவப்புச் சாயல் பெறும். சந்தேகம் வந்தால் தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளில் படிந்திருக்கும் வித்துத்தூள் போர்சினிக்கு ஆலிவ் பழுப்பு, கசப்பு போலீட்டுக்கு இளஞ்சிவப்பு. ஒரே ஒரு கசப்பு போலீட் விழுந்தாலும் சட்டி முழுவதும் வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிடும்.

இனி அந்த நீல நிறம். பல போலீட்டுகளை வெட்டினால் மஞ்சள் சதை நம் கண்முன்னாலேயே, சில நொடிகளில், நீலமாகிவிடும். பார்க்கவே மிரட்டலாக இருக்கும்; அதனால்தான் 'நீலமானால் விஷம்' என்ற விதி பிறந்தது. நடப்பது கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அந்த மாதிரி சங்கதிதான். செல்கள் உடைந்ததும் வேரியகேடிக் அமிலம், ஸெரோகோமிக் அமிலம் போன்ற நிறமிகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நீலமான வேறொரு பொருளாகின்றன. இந்த நிறத்துக்கும் நச்சுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. துளைகள் நீலமாகும் பே போலீட்டை ஐரோப்பாவில் காலங்காலமாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கசப்பு போலீட் நீலமாவதே இல்லை. மரணத்தொப்பியும் அப்படித்தான். விஷக் காளான் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும், நத்தை தின்றால் நமக்கும் ஆகும் என்பவையும் இதே வகை நம்பிக்கைகள். இவற்றை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

துளைகள் சிவப்போ ஆரஞ்சோ என்றால் புதியவர்கள் தொடாமல் விடுவதே நல்லது. 'சாத்தான் போலீட்' அந்த வகை. வெளிறிய தொப்பி, சிவந்த துளைகள். அதில் உள்ள போலசாட்டின் என்ற புரதம், நம் செல்கள் புரதம் தயாரிப்பதையே தடுக்கிறது. சாப்பிட்டவர் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் துவண்டுவிடுவார். போலீட்டால் சாவு வராது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் சிவப்புத்துளை இனம் ஒன்றைச் சாப்பிட்ட ஒருவர் 1994-ல் இறந்திருக்கிறார்.

சீனாவின் யுன்னானில் கதை இன்னும் விசித்திரம். அங்கே விரும்பி உண்ணும் நீலமாகும் போலீட் ஒன்று சரியாக வேகாவிட்டால், குட்டிக் குட்டி மனிதர்கள் அறை முழுக்க நடமாடுவதுபோல் தோன்றுகிறதாம். மருத்துவமனைகளில் பலரும் இதே காட்சியைச் சொல்லியிருக்கிறார்கள். 2023 ஜூலையில் அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெலன் பெய்ஜிங்கில் இந்தக் காளானைச் சாப்பிட்டது செய்தியானது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓர் ஊரின் விதி இன்னோர் ஊருக்குப் பொருந்தாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2012-ன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மரணத்தொப்பி தின்ற இருவர் இறந்தார்கள். ஆசியாவில் பழக்கமான வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்ததாகக் கருதப்படுகிறது. நீலகிரியின் பைன் தோட்டங்களில் போலீட்டின் உறவான சுயில்லஸ் காளான்கள் முளைக்கின்றன. மேலே சொன்ன போர்சினி அடையாளங்களை வைத்துக்கொண்டு அவற்றைப் பறிக்கக் கிளம்பிவிடாதீர்கள். 2014-ல் லண்டன் கடையில் வாங்கிய சீன உலர்போர்சினிப் பொட்டலம் ஒன்றை கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்தபோது, அதற்குள் அறிவியல் அதுவரை பெயரிடாத 3 இனங்கள் இருந்தன!

இத்தாலியில் பறித்ததைக் கொண்டுபோய்க் காட்ட அரசு சுகாதாரத்துறையின் காளான் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. அடித்தண்டோடு முழுசாகக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் மரணத்தொப்பியைக் காட்டிக்கொடுக்கும் உறை மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. அழுகியது, புழுத்தது, மஞ்சள் பூசணம் பிடித்தது எதுவும் வேண்டாம். சமைக்கும்போது ஒரு காளானைச் சமைக்காமல் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள். வயிற்றைப் புரட்டினால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடங்கும் வாந்தி கல்லீரலைத் தாக்கும் நச்சின் அறிகுறியாக இருக்கலாம். நடுவில் உடம்பு தேறிவிட்டதுபோல் தோன்றினாலும் வீடு திரும்பக் கூடாது.