வெளியே மேசை போட்டுவிட்டால் அலுவலகம் ஆகிவிடுமா?

மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வேலை செய்ய இடம் அமைத்துத் தரும்படி கேட்டு வருபவர்களிடம், அங்கே என்ன வேலை நடக்கப்போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. நான்கு குடை, சில நாற்காலி, சுற்றிலும் பச்சை என்று ஒரு படத்தை மட்டும் காட்டுவார்கள். அப்படிக் கட்டிய இடங்களில் கடைசியில் யாரும் லேப்டாப்பைத் திறப்பதில்லை.

காரணம் வெளிச்சம். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அலுவலகத்துக்குள் மேசைமேல் விழுவது 300 முதல் 500 லக்ஸ். உச்சிவெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். வெளிநிழலில்கூட 10,000 லக்ஸ் சர்வசாதாரணம். வழக்கமான லேப்டாப் திரையின் 250-400 நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அலகு) அதற்கு ஈடுகொடுக்காது. குடையும் கைகொடுக்காது, காலையில் மேசைமேல் இருந்த நிழல் பிற்பகலில் பக்கத்துத் தரையில் கிடக்கும். ஒளி புகாத, அகலமான கூரை வேண்டும். அதைவிட முக்கியம், உட்காருபவரின் முதுகுப் பக்கம். அங்கே இருப்பதுதான் திரையில் பிரதிபலிக்கும். ஆகவே பின்னால் அடர்நிறச் சுவரோ நெருக்கமான செடிவேலியோ இருக்கட்டும். வெள்ளைச் சட்டை போட்டவருக்கு அப்போதும் திரையில் தன் சட்டைதான் தெரியும், அது வேறு விஷயம்! எதிரே வெட்டவெளி வானம் இருந்தாலும் கண் கூசும். வெளிர்நிறத் தரையும் வேண்டாம். வெயிலைக் கீழிருந்து முகத்தில் அடிக்கும்.

திரை தேவைப்படாத வேலைகளுக்கோ வெளியிடம் அருமையானது. நான்கைந்து பேர் கூடி யோசிக்க, நின்றபடி பேசும் உயரத்தில், சுமார் 105 செ.மீ.யில், ஒரு மேசை போதும். பளபளப்பான வெள்ளைப் பலகையைத் தவிர்த்து மங்கலான பரப்பு வையுங்கள்; ஒட்டுத்தாள்கள் காற்றில் பறக்கும், ஊசி குத்தும் பலகை நல்லது. இருவர் மட்டும் பேச வேண்டியதற்கு நாற்காலியே தேவையில்லை. இணையாக நடக்க ஒன்றரை மீட்டர் அகலப் பாதை இருந்தால் ஆயிற்று.

போன் பேச்சில் பலரும் ஏமாறுவது செடிகளை நம்பித்தான். ஒரு வரிசைச் செடி ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல்தான் குறையும். சம்பளம், பணிநீக்கம் போன்ற பேச்சுகளுக்கு வெளியே இடமே ஒதுக்காதீர்கள் என்பது என் கட்சி. மற்ற அழைப்புகளுக்குத் திறந்த ஜன்னல்களிலிருந்து தள்ளி, காற்று நேராக மைக்கில் அடிக்காத மூலை ஒன்று போதும்.

வைஃபைக்கு வெளிப்புற ஆக்சஸ் பாயிண்ட், அதாவது சிக்னல் பரப்பும் கருவி, தனியாகப் போடுங்கள். வெப்பத்தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடி உள்ளிருந்து வரும் சிக்னலைப் பெருமளவு விழுங்கிவிடும். மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மேல்மூடி வைத்த, நீர் புகாத பிளக் பாயிண்டுகள், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, இவை இரண்டும் இல்லாத வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உள்ளேயிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக்கொள்ளலாம் என்பவர்களிடம், முழு சார்ஜ் போட்ட லேப்டாப்போடு வெளியே போங்கள் என்றுதான் சொல்வேன்.