சோடா ரின்னுக்குக் காசு, குளிசை அட்டைக்கு இல்லை

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் வரும் பழைய இரும்புக்காரர் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று வைத்திருப்பார். மீன் ரின்னில் அது ஒட்டும், அது இரும்பு. சோடா ரின்னில் ஒட்டாது. அது அலுமினியம், விலையும் கூட. போன கிழமை அம்மாவின் வெற்றுக் குளிசை அட்டைகளைப் பையோடு நீட்டினேன். "இது ஏலாது தங்கச்சி, ஒரு பக்கம்தான் அலுமினியம்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். பொக்சைட் தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே பழையதை உருக்கப் போதும். ஆனால் அலுமினியம் தனியாக உலைக்குப் போனால்தான் இந்த இலாபம். குளிசை அட்டையில் சுமார் 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பான அலுமினியத் தாள் பி.வி.சி. பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக் கிடக்கிறது. அப்படியே எரித்தால் பி.வி.சி.யிலிருந்து ஐதரசன் குளோரைட்டு என்ற நச்சு வாயு வரும். பிரித்தெடுக்கப் போனால் கூலி உலோகத்தின் விலையைத் தாண்டும்.

பிஸ்கட் பைக்கற் இன்னும் மோசம். உள்ளே மினுங்குவது பிளாஸ்ரிக்கில் ஆவியாகப் படியவைத்த அலுமினியம். தடிப்பு ஒரு மைக்ரோனில் நூறில் சில பங்குதான். கசக்கிப் பாருங்கள்: திரும்ப விரிந்தால் பிளாஸ்ரிக், கசங்கியபடியே கிடந்தால் அலுமினியத் தாள்.

சரி, சுத்தமான சொக்லேற் தாள்? அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒட்சைட்டுப் படை, அதாவது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உண்டான மெல்லிய படை, இருக்கும். உலோகம் 660 பாகை செல்சியஸில் உருகும். அந்தப் படை உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே அது உலையில் கசடாக மிதந்து நல்ல உலோகத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். தாள் மெல்லியதானால் நிறைக்கு மேற்பரப்பு அதிகம், இழப்பும் அதிகம். தாள்களைச் சேர்த்து இறுக்கமான உருண்டையாக்கினால் இழப்புக் குறையும்.

சோடா ரின்னும் முழுக்க ஒரே உலோகம் இல்லை என்பது எனக்கே வியப்புத்தான். உடல் மெல்லியதாக இழுபட வேண்டும். அதில் மங்கனீசும் மகனீசியமும் ஒவ்வொரு சதவீதமளவு. மூடி விறைப்பாக இருக்க வேண்டும். அதில் மகனீசியம் 4 முதல் 5 சதவீதம். சேர்த்து உருக்கினால் மகனீசியத்தில் கொஞ்சம் எரிந்துபோகும். மிச்சம் உடலுக்குக் கூட, மூடிக்குக் காணாது. அதனால் புது அலுமினியம் கலந்து சரிக்கட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே கலப்புலோகம் என்ற யோசனை பழையது. ஆனால் கிழிபடும் மூடியும் இழுபடும் உடலும் எதிரெதிர்க் குணம் கேட்கின்றன.

ரின்னைச் சுற்றிப் பிளாஸ்ரிக் உறை மாட்டுவதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. நேரே அச்சடித்த மை உருக்குமுன் சூட்டிலேயே எரிந்துவிடும், உறையை உரிக்க வேண்டும். திறந்த பிறகும் ரின்னோடே நிற்கும் வளையம் 1970களில் வந்தது. முன்பு பிடுங்கி எறிந்த துண்டும் இப்போது உலைக்குப் போகிறது.

குளிசை அட்டைக்கு வழி ஒரே வகைப் பிளாஸ்ரிக்கால் முழு அட்டையையும் செய்வது. ஆனால் அலுமினியத் தாள் அளவுக்கு ஈரத்தைத் தடுப்பது பிளாஸ்ரிக்குக்குக் கடினம். மாரி மழையில் நனைந்து கிடக்கும் எங்கள் வீட்டில் அது சின்னக் காரியமில்லை. அம்மாவின் அட்டைகள் இன்னும் குசினி மூலையில் பையோடு கிடக்கின்றன.