நண்பகலில் ஏன் டீசல் ஓடுகிறது?

"தீவில் வெயில் கொளுத்துகிறது. சோலார் பேனல் வரிசையாக நிற்கிறது. ஆனாலும் உச்சிவேளையில் டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கிறது. யாரை ஏமாற்ற இது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோபமாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. பகலுக்கு வெயில், ராத்திரிக்கு டீசல் என்று ஷிப்ட் பிரித்துக்கொண்டால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பேனல் தருவது நேர்மின்னோட்டம், இன்வெர்ட்டர் அதை மாறுமின்னோட்டமாக்குகிறது. இது பள்ளியில் படித்ததுதான், தாண்டிவிடுவோம். தீவுகள் டீசலை ஏன் குறைக்க நினைக்கின்றன என்பதற்கும் பெரிய விளக்கம் வேண்டாம். பசிபிக் கடலில் அமெரிக்க சமோவாவில் உள்ள தாஊ தீவில் சுமார் 600 பேர்தான் வசிக்கிறார்கள். 2016-இல் சோலார் வருவதற்கு முன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,100 லிட்டர் டீசலை எரித்தார்கள். ஒவ்வொரு லிட்டரும் கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் வராது.

சரி, அப்படியானால் உச்சிவேளையில் எதற்கு? முதல் காரணம் டீசல் எஞ்சினின் சுபாவம். அதற்குச் சும்மா இருக்கப் பிடிக்காது. 100 கிலோவாட் ஜெனரேட்டர் முழு லோடில், அதாவது தன்னால் தர முடிந்த மின்சாரம் முழுவதையும் தரும்போது, மணிக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும் என்றால், பாதி லோடில் 15 லிட்டரில் நிற்காது, அதைத் தாண்டும். லோடே இல்லாமல் சுற்றினாலும் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே கொஞ்சம் எரிக்கும். வெகுநேரம் குறைந்த லோடில் ஓடினால் சிலிண்டர் போதுமான சூடேறாது. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் பிசினாகப் படியும், எஞ்சின் நாசமாகும். அதனால் குறைந்தது 30 சதவீத லோடாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

இப்போது கணக்குப் போடுங்கள். உச்சிவேளையில் தீவுக்கு 80 கிலோவாட் தேவை. பேனல் 70 தரத் தயார். மிச்சம் 10-ஐ டீசல் தந்தால் போதும், ஆனால் அது 30-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே பேனலை 50-இல் பிடித்து நிறுத்துகிறார்கள். 20 கிலோவாட் வெயில் வீண். டீசலை அணைத்துவிட்டு 80-ஐயும் பேனலிடமே கேட்கலாமே என்றால், பேனல் எவ்வளவு பெரிதானாலும் நடக்காது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

சாதாரண சோலார் இன்வெர்ட்டர் ஒத்து ஊதும் ரகம். கம்பியில் ஏற்கெனவே ஓடும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை துடிக்கும்) அலையைக் கேட்டு, அதோடு சேர்ந்து தன் மின்சாரத்தைச் செலுத்தும். அலை நின்றால் தானும் நின்றுவிடும். அந்தத் தாளத்தைப் போடுவது டீசல். நான்கு காந்தத் துருவங்கள் கொண்ட ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றினால் சரியாக 50 ஹெர்ட்ஸ்.

தாளம் மட்டுமில்லை, அதில் செய்தியும் இருக்கிறது. யாரோ ஒரு மோட்டாரைப் போடுகிறார்கள். லோடு கூடியதும் எஞ்சின் தண்டு ஒரு கணம் திணறுகிறது, வேகம் குறைகிறது, அதிர்வெண் 49.8-க்கு இறங்குகிறது. வேகத்தைக் காக்கும் கவர்னர் இதைக் கண்டு டீசலைக் கூட்டுகிறது. அந்தச் சிறு தளர்வு அதே நொடியில் தீவின் கடைசி வீடு வரை தெரியும். தனி ஒயர் வேண்டாம், இணையம் வேண்டாம். இரண்டு ஜெனரேட்டர்கள் ஒரே கம்பியில் இருந்தால், இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்தே லோடைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றிடம் ஒன்று ஒரு வார்த்தை பேசாமல்!

தாளத்தைத் தானே உருவாக்கும் இன்னொரு வகை இன்வெர்ட்டர் உண்டு. பேட்டரியோடு அதை இணைத்தால் சுழலும் தண்டு இல்லாமலே 50 ஹெர்ட்ஸ் பிறக்கும், டீசலை அணைக்கலாம். இதற்கு ராத்திரி முழுவதும் தாங்கும் பேட்டரி தேவையில்லை. மேகம் மறைத்தால் பேனலின் உற்பத்தி சில நொடிகளில் பாதிக்கும் கீழே போகும். டீசல் கிளம்பித் தாளத்தோடு ஒத்துச் சேர ஒரு நிமிடம் ஆகலாம். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கினால் போதும். பேட்டரி என்றாலே சேமிப்பு என்று நினைக்கிறோம், சோலாரும் டீசலும் சேர்ந்த கலப்பு மின்நிலையத்தில் அதன் முதல் வேலை தாளம்.

பேட்டரி நிறைந்துவிட்டது, வெயில் இன்னும் அடிக்கிறது. பேனல்களை எப்படி அடக்குவது? பேட்டரி இன்வெர்ட்டர் வேண்டுமென்றே தாளத்தைக் கொஞ்சம் முடுக்குகிறது. 51 ஹெர்ட்ஸைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கு, 52-இல் அடியோடு நிறுத்து என்று சோலார் இன்வெர்ட்டர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். அவை பணிந்துபோகும். வேடிக்கை என்னவென்றால், மின்சாரத்தின் அலைகளை எண்ணி நேரம் காட்டும் கடிகாரம் வீட்டில் இருந்தால் அதுவும் வேகமாக ஓடும். 51 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 72 வினாடி முந்திவிடும். கடிகாரம் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும்!

அப்புறம், டீசலை அறவே ஒழிக்க முடியுமா? தாஊவில் 1.4 மெகாவாட் பேனலோடு 6 மெகாவாட்மணி பேட்டரி வைத்தார்கள், வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்கும் என்ற கணக்கில். பசிபிக்கில் டோக்கெலாவின் மூன்று பவளத் தீவுகளில் 2012-இல் 4,032 பேனல்களும் 1,344 பேட்டரிகளும் வந்தன, ஆனால் துணைக்கு ஜெனரேட்டர் இருந்தது. என் கட்சி டோக்கெலா. தேவையில் முக்கால்வாசியை வெயிலுக்கு மாற்றுவது ஒப்பீட்டில் மலிவு. விடாமல் மழை பெய்யும் அந்தச் சில நாட்களுக்காக மட்டும் பேட்டரியை இரண்டு மூன்று மடங்காக்குவதுதான் செலவை ஏற்றும். ஆண்டில் பெரும்பாலான நாள் அந்தக் கூடுதல் பேட்டரி வெறுமனே கிடக்கும். அந்தப் பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். திறப்பு விழாவுக்கு நிதி தர ஆள் கிடைப்பார்கள். உப்புக்காற்று அரித்த இணைப்புகளை மாற்றவும், ஆயுள் முடிந்த பேட்டரியை இறக்கி வேறு ஏற்றவும் நிதி கேட்டுப் பாருங்கள், எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள்.

ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவு வேறு வழியில் போனது. அங்கே 2008-இலிருந்து நீர், காற்று, வெயில் மூன்றும் பேட்டரியோடு சேர்ந்து ஓடுகின்றன. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. மின்சாரம் மிஞ்சினால் ஊர்ப் பொதுக்கூடம் சூடாகும். அங்கேயும் ஒரு ஓரமாக டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது.

ஓரமாக இருக்கும் அந்த எஞ்சினையும் அப்படியே விட்டுவிட முடியாது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் தொட்டியில் டீசல் கெடும், ஸ்டார்ட் செய்யும் பேட்டரி செத்துப்போகும். அவ்வப்போது தகுந்த லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் ஆள் வேலையில் இருக்கும் பகல் நேரத்தில். நம் வாசகர் கேட்ட உறுமல் அதுவாகக்கூட இருந்திருக்கலாம்.