நான்கு மணி நேர விமானமும் பன்னிரண்டு மணி நேரப் பயணமும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. கோலாலம்பூருக்கும் அப்படித்தான், துபாய்க்கும் சார்ஜாவுக்கும் சற்றுக் கூடுதலாகும். மகளின் பேறுகாலத்துக்காகவோ பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகவோ கிளம்பும் டெல்டா மாவட்டப் பெரியவர்கள் இந்த நான்கு மணி நேரத்தை மட்டுமே கணக்கில் வைத்து என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். ஆனால் வேதாரண்யத்திலோ பூம்புகாரிலோ இருப்பவர் திருச்சி விமான நிலையத்தை அடையவே காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டிக்கான காத்திருப்பு, மறுபடியும் கார் என்று எல்லாவற்றையும் கூட்டினால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. அதில் பெரும்பகுதி முழங்காலை மடக்கி உட்கார்ந்தே கழிகிறது. பயணத்தால் வரும் உடல் தொல்லைகளைப் பற்றிப் பேசும்போது, வீட்டு வாசலில் கார் கிளம்பும் நிமிடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று ஒரு பொது மருத்துவராக நான் வலியுறுத்துகிறேன்.

மேலே பறக்கும்போது விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் தரைமட்ட அளவில் வைக்கப்படுவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்கு ஈடாகவே அது இருக்கும். ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், கடல்மட்டத்தை ஒட்டிய நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் மலைப்பாதையில் மெல்ல ஏறிப் பழகாமல் சில நிமிடங்களில் ஊட்டியின் காற்றுக்குள் உட்காரவைக்கப்படுகிறார் என்பது புரியும். ஆரோக்கியமான உடல் இதைப் பொருட்படுத்தாது. இதயம் பலவீனமானவர்களுக்கும், நாள்பட்ட நுரையீரல் நோயும் கடும் இரத்தசோகையும் உள்ளவர்களுக்கும் மூச்சு சற்று வாங்கக்கூடும். உள்ளே உள்ள காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே. காவிரிக் கரையின் புழுக்கத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு இது முற்றிலும் புதிது. உதடு வறண்டு, தொண்டை காய்ந்து, கண் உறுத்தும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு தொல்லையைப் பெரியவர்கள் தாங்களாகவே தேடிக்கொள்கிறார்கள். கழிப்பறைக்குப் போக நேருமோ என்ற கூச்சத்தில், கிளம்புவதற்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். “போற அன்னிக்கு மட்டும் அந்த யூரின் மாத்திரைய நிறுத்திக்கட்டுமா டாக்டர் தம்பி?” என்று என்னிடம் வெளிப்படையாகக் கேட்கும் அம்மாக்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, கேட்காமலே நிறுத்திவிட்டுப் போகிறவர்களை நினைத்தால்தான் கவலை. வெளிநாட்டில் தொலைபேசியோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கதி தெரியவே தெரியாது, ஏனென்றால் எந்தத் தாயும் மகனிடம் இதைச் சொல்வதில்லை.

அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மன்னார்குடியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ வரும் வழியில், ஒரு பெண் தயக்கமின்றி நுழையக்கூடிய கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விமானத்தில் இருப்பதோ இருவர் நிற்க முடியாத அறை. நடுவில் தள்ளினால் மடங்கித் திறக்கும் கதவு. தாழ் போட்டால்தான் முழு வெளிச்சம் வரும். பொத்தானை அழுத்தியவுடன் எழும் உறிஞ்சல் சத்தம் முதன்முறை கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் போகாமலே அடக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கதவை எப்படித் திறப்பது, தாழ் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே யாராவது ஒரு காணொளியைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சிறுநீரை அடக்க முடியாதவர்கள் பெரியவர்களுக்கான டயப்பரை அன்று ஒரு நாள் அணிந்துகொள்வதில் எந்த இழுக்கும் இல்லை.

நீர் வற்றிய உடல், குறைந்த காற்றழுத்தம், நெடுநேரம் தொங்கவிட்ட கால்கள், வெறும் வயிறு ஆகியவை ஒன்றுசேரும்போது, எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருவதில் வியப்பில்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ 604 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் நேர்ந்ததாகவும், அவற்றில் 37 சதவீதம் மயக்கமோ மயக்கம் வருவது போன்ற நிலையோதான் என்றும் கண்டறியப்பட்டது. மாரடைப்பைப் பற்றிப் பயப்படும் குடும்பங்கள் ஒரு பாட்டில் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை. பாதுகாப்புச் சோதனைக்கு முன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம்; அதன்பின் அரைமணிக்கொரு முறை சில மடக்கு குடித்தால் போதும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் அந்த அளவை மீறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நீர் பிரிய வைக்கும் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பரவலாகத் தரப்படும் ஃபுரோசமைட் மாத்திரையின் வேலை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். எனவே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அதன் வேகம் தணியும்படியாகவோ, போய்ச் சேர்ந்த பிறகோ போட்டுக்கொள்ளும்படி அமைத்துக்கொள்ளலாம். இதய பலவீனம் உள்ளவர் அதை முழுவதுமாக விட்டுவிட்டு, உப்பு மிகுந்த உணவையும் உண்டுவிட்டு ஊட்டிக் காற்றில் உட்கார்ந்தால், இறங்கும் நேரத்தில் மூச்சுத் திணறல் வரக்கூடும். விமான உணவில் உப்பே இல்லை என்று நம்மவர்கள் குறைப்படுவது வழக்கம். குறைந்த அழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்பையும் இனிப்பையும் உணரும் திறன் நாக்குக்கு மங்கிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். கையில் இருக்கும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அதை ஈடுகட்ட நினைப்பது இரத்த அழுத்த நோயாளிகளுக்கு நல்லதல்ல.

அடுத்தது கால். சாதாரண வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையிலான தொலைவு பல விமானங்களில் 28 முதல் 31 அங்குலம்தான். மூட்டுத் தேய்மானம் உள்ளவர் அதற்குள் காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணமும், அது விமானமாயினும் காராயினும் பேருந்தாயினும், காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. இரு மடங்கு என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் ஆரோக்கியமானவர்களில் அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு நேரும் அளவே. உடல் பருமன், புற்றுநோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, முன்பு ஒருமுறை இரத்தம் உறைந்த வரலாறு ஆகியவை இருந்தால்தான் அந்தக் கணக்கு மாறுகிறது. அவர்கள் அழுத்தக் காலுறை அணியலாமா, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவையா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொள்வதை மருத்துவ வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மா மேகத்தைப் பார்க்கட்டும் என்ற ஆசையில் ஜன்னல் ஓர இருக்கையைப் பணம் கட்டிப் பதிவு செய்யாதீர்கள். உள்ளே உட்கார்ந்த அம்மா, முன்பின் தெரியாத இரண்டு ஆண்களை எழுப்பிவிட்டு வெளியே வர மாட்டார். நான்கு மணி நேரமும் அசையாமல் அமர்ந்திருப்பார். நடைபாதையை ஒட்டிய இருக்கை கிடைத்தால், எழுந்து நாலு எட்டு வைக்கவும் கழிப்பறைக்குப் போகவும் யாருடைய தயவும் வேண்டாம்.

சக்கர நாற்காலியைப் பற்றி எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. மூட்டு நோயாளிக்கும் மூச்சு வாங்குபவருக்கும் அது உரிமை; பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிட்டால் சிக்கல் வராது. ஆனால் நன்றாக நடக்கக்கூடிய பலர், ஆங்கிலம் தெரியாது, வழி தெரியாது என்ற காரணத்துக்காகவே அதைக் கேட்கிறார்கள். வழிகாட்ட ஒரு ஆள் கிடைப்பது உண்மைதான். ஆனால் காரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தவர் விமானத்தில் ஏறுவதற்கு முன் கால் வீசி நடக்கக்கூடிய ஒரே இடம் விமான நிலையம்தான். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட திருச்சியின் புதிய முனையத்தில் நடப்பதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. உடன் வரும் பயணிகளில் நம் ஊர்க்காரர் ஒருவரைத் துணை பிடித்துக்கொண்டு நடந்து போவதே காலுக்கு நல்லது. தூக்க மாத்திரை எழுதித் தரும்படி கேட்பவர்களுக்கும் நான் இதையே காரணம் காட்டி மறுக்கிறேன்: மயங்கித் தூங்கும் கால் அசைவதில்லை, பாதியில் எழுந்து நடப்பவர் தடுமாறி விழவும் கூடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து தாமதத்தில் இருக்கிறது. வழக்கமான நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள்; விமானம் கிளம்பியிருக்காது, உணவும் வந்திருக்காது. உணவுத் தட்டு கண்முன் வந்த பிறகே மருந்து என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய விமான நிறுவனங்களின் விமானம் தாமதமானால், உரிய நேரத்தில் பதிவு முடித்த பயணிக்கு, சிங்கப்பூர் போன்ற நான்கு மணி நேரத் தடத்தில் மூன்று மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு இலவச உணவு தரப்பட வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். அதுவரை தாங்குவதற்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும். அது திடப்பொருள் என்பதால் சோதனையில் தடுக்கப்படுவதில்லை. சட்னியும் தயிர்சாதமும் பிரசவ லேகியமும் திரவ, களிம்பு வகையில் சேர்க்கப்படுவதால் பன்னாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் செல்லாது. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. சரக்கறையின் குளிரில் அது உறைந்து வீணாகலாம், பெட்டியே வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும்.

மருந்துப் பையோடு மசாலாப் பையையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். குருமாவுக்கென்று அரைத்த பொடியில் கசகசா இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். டிரமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் ஆகியவற்றை அமீரகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி தேவை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இது ஓரளவு தெரிந்திருந்தாலும், மூட்டு வலிக்காக மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று பலரும் பார்ப்பதில்லை. மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் எழுதிய சீட்டு ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

சளி பிடித்திருக்கும்போது பறந்தால், விமானம் இறங்கும் நேரத்தில் காது அடைத்து வலிக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே விழித்துக்கொண்டு, மிட்டாயைச் சப்பி எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சரியாகும்; மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதலாம், வேகமாக ஊதக் கூடாது. விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டவர்கள் மட்டும், அந்த வாயு முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை பறக்கவே கூடாது. மேலே அந்த வாயு விரிந்து பார்வையைப் பறித்துவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு கால்களும் சமமாக வீங்கியிருந்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை இறுகி வலித்தால் அது வேறு, இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். காரணமின்றி மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அது இன்னும் அவசரம். உறைதலுக்கான வாய்ப்பு பயணம் முடிந்து ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரை நீடிக்கிறது. எனவே ஊர் திரும்பி, களைப்பெல்லாம் தீர்ந்து, வயல் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகும் இத்தகைய அறிகுறி தெரியலாம். அப்போது எந்த மருத்துவரிடம் சென்றாலும், கேட்கப்படாவிட்டாலும், அண்மையில் விமானத்தில் வந்தேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.