சிலிண்டர் வேகம்: வால்வை எந்தப் பக்கம் வைக்கணும்?

ஆயில் அழுத்தத்துல ஓடுற ஹைட்ராலிக் சிலிண்டர் மெதுவா போகுதுன்னா உடனே பிரஷரை ஏத்துறவங்க நிறைய பேர். பிரஷர்ங்கிறது தள்ளுற பலத்துக்கு, வேகம்ங்கிறது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் உள்ள போகுதுங்கிறதுல இருக்கு. 50 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் விட்டா பிஸ்டன் செகண்டுக்கு சுமார் 8.5 சென்டிமீட்டர் நகரும். பிஸ்டனோட சேர்ந்த ராடு (தண்டு) 36 மில்லிமீட்டர்னா ராடு பக்கம் பரப்பு கிட்டத்தட்ட பாதிதான், அதனால அதே 10 லிட்டர்ல திரும்பி வர்ற வேகம் ரெண்டு மடங்காயிடும்.

இப்போ பம்ப் 20 லிட்டர் தள்ளுது, நமக்கு 10 போதும்னு, ஓட்டத்தைக் குறைக்கிற ஃப்ளோ கண்ட்ரோல் வால்வை இறுக்குறோம்னு வைங்க. சாதாரண கியர் பம்ப் அதுக்காகக் கம்மியா தள்ளாது, பிரஷர் ஏறி ரிலீஃப் வால்வு (செட் பண்ண பிரஷரைத் தொட்டதும் திறக்குற பாதுகாப்பு வால்வு) திறந்து மிச்ச 10 லிட்டர் டேங்குக்கே போயிடும். ரிலீஃப் 150 பார்ல இருந்தா அதுல மட்டும் 2.5 கிலோவாட் வெறும் சூடா வீணாகுது.

வால்வை எங்க வைக்கிறதுங்கிறதுதான் முக்கியமான முடிவு. சிலிண்டருக்கு உள்ள போற லைன்ல வச்சா மீட்டர் இன், லோடு எப்பவும் எதிர்த்து நிக்கிற வேலைக்கு இது நல்லா ஒத்துவரும். ஆனா லோடே பிஸ்டனை இழுக்க ஆரம்பிச்சா, இல்ல எதிர்ப்பே இல்லாமப் போனா, உதாரணமா டிரில் பிட் துளைச்சு முடிச்சு அந்தப் பக்கம் வெளிய வர்ற நொடியில, எதிர்ப்பு சட்டுனு போயிடுறதால பிஸ்டன் குதிச்சு முன்னாடி ஓடிடும். அங்க வெளிய வர்ற லைன்ல வால்வை வைக்கிற மீட்டர் அவுட்தான் சரி, வெளிய வர்ற ஆயிலைப் பிடிச்சு வைக்கிறதால பிஸ்டன் ரெண்டு பக்கமும் அழுத்தத்துல கட்டுக்குள்ள இருக்கும். ஆனா ஒண்ணை மறக்கவே கூடாது, நம்ம சிலிண்டர்ல ராடு வெளிய வர்றப்ப லோடு இல்லாம இருந்து ராடு இல்லாத பின்பக்கம் 150 பார் ஏறினா, பரப்பு பாதிங்கிறதால ராடு பக்கம் 300 பாரையும் தாண்டும், லோடும் சேர்ந்து இழுத்தா இன்னும் மேல. ஹோஸும் சீலும் அதைத் தாங்குமான்னு பாக்காம மீட்டர் அவுட் போடுறது ஆபத்து.

மூணாவது பிளீட் ஆஃப், வேண்டாத ஆயிலைப் பக்கவாட்டுல டேங்குக்கு விட்டுடுறது. பிரஷர் லோடு கேக்குற அளவுக்குத்தான் ஏறும், சூடு கம்மி, துல்லியமும் கம்மி.

ஊசி முனையால வழியைச் சின்னதாக்குற சாதாரண நீடில் வால்வுல இன்னொரு சிக்கல். ஓட்டம், வால்வுக்கு முன்னும் பின்னும் இருக்கிற பிரஷர் வித்தியாசத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ரிலீஃப் அதே 150 பார்ல இருக்கிறப்ப, மீட்டர் இன்ல லோடு 50 பார் கேட்டா வித்தியாசம் 100, லோடு கூடி 125 கேட்டா வித்தியாசம் வெறும் 25, வேகம் பாதியாயிடும். இதுக்குத்தான் பிரஷர் காம்பன்சேட்டட் வால்வு, உள்ள இருக்கிற ஸ்பிரிங்கும் ஸ்பூலும் (நகர்ற உருளை) லோடு எப்படி மாறினாலும் அந்த வித்தியாசத்தை அநேகமா ஒரே அளவுல வச்சிருக்கும். ஆயில் சூடாகி இளகிட்டா வர்ற மாற்றத்தை மட்டும் அது சரி பண்ணாது, அதனால மெஷின் கொஞ்ச நேரம் ஓடி ஆயில் வழக்கமான சூட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் வேகத்தை செட் பண்ணணும்.