தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள்

உரிமையியல் வழக்கில் தீர்ப்பு பாதகமாக வந்துவிட்டால், மேல்முறையீடு போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிக்கவே பத்து நாள் ஓடிவிடும். பேசட்டும், தவறில்லை. ஆனால் அந்தப் பேச்சு முடிகிற வரை, தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்கிற நகல் மனுவையும் தள்ளிப்போடுகிறார்கள் பாருங்கள், தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களின் நகல் பிரிவில் அதிகம் கண்ணில் படுகிற தவறு இதுதான். நகல் வாங்கியவர் மேல்முறையீடு செய்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நகல் இல்லாதவருக்குத்தான் வழி அடைபடுகிறது.

முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்துக்குப் போவதற்குக் கெடு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போகிற முதல் மேல்முறையீடு என்றால் 90 நாள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவு 12, இந்தக் கணக்கில் இரண்டு சலுகை தருகிறது. தீர்ப்பு சொன்ன நாளைச் சேர்க்க வேண்டியதில்லை. நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களையும் கழித்துக்கொள்ளலாம்.

ஜூன் 2-இல் தீர்ப்பு என்று வையுங்கள். 30-ஆவது நாள் ஜூலை 2. ஜூன் 12-இல் நகல் மனு கொடுத்து, 27-இல் நகல் தயாரானால், அந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து 16 நாள் கழிகிறது. கடைசி நாள் ஜூலை 18 ஆகிறது. அதே மனுவை ஜூலை 6-இல் கொடுத்திருந்தால் ஒரு நாள்கூடக் கழியாது. கெடு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"டிகிரி இன்னும் எழுதவில்லையே, எழுதிய பிறகு மனு போடலாம்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. இது பெரிய பிழை. டிகிரியை, அதாவது தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதும் தீர்ப்பாணையை, அலுவலகம் எப்போது எழுதி முடித்தாலும், தீர்ப்பு சொன்ன தேதிதான் அதற்கும் தேதி. நகல் மனு போடுவதற்கு முன்னால், தீர்ப்பாணை தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்கள் கழியாது என்று பிரிவு 12-இன் விளக்கமே தெளிவாகச் சொல்கிறது. மனு முதலில் பதிவாகட்டும், தீர்ப்பாணை அதன் பிறகு வரட்டும்.

சான்றிட்ட நகலில் வரிசையாகச் சில தேதிகள் இருக்கும்: மனு கொடுத்த நாள், முத்திரைத் தாள் கேட்ட நாள், அதைக் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் கொடுத்த நாள். மேல்முறையீட்டைப் பரிசீலிக்கிற எழுத்தர் முதலில் புரட்டுவது இந்தத் தேதிகளைத்தான். நகல் பிரிவில் இருக்கிற நாங்கள், எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்து, இவ்வளவு தாள் வேண்டும் என்ற பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்கிற ஏற்பாடு கிடையாது. குறித்த கெடுவுக்குள் தாள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். தாமதமாகக் கட்டினால், உங்களால் ஏற்பட்ட அந்தத் தாமதத்தை 'தேவைப்பட்ட காலம்' என்று கேட்க முடியாது. தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் அப்படித்தான். மேலே சொன்ன உதாரணத்தில் ஜூலை 15-இல் போய் நகலை வாங்கினாலும் கடைசி நாள் ஜூலை 18-தான், மூன்றே நாள் மிச்சம். ஆகவே மனு போட்ட பிறகு போர்டை அடிக்கடி பாருங்கள், அல்லது வக்கீல் குமாஸ்தா பார்க்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

மனுவில் வழக்கு எண்ணை மட்டும் எழுதினால் போதாது. அசல் வழக்கா, இடைக்கால மனுவா, நிறைவேற்று மனுவா என்ற வகை, ஆண்டு, உத்தரவுத் தேதி எல்லாம் வேண்டும். ஒரே எண்ணில் அசல் வழக்கும் இருக்கும், இடைக்கால மனுவும் இருக்கும். வகை விட்டுப்போனால் தவறான வழக்குக் கட்டை எடுத்துத் தேடி, மனு திரும்பிவிடும். சான்றாவணம் கேட்டால் ஏ-3, பி-1 என்று குறியீட்டோடு எழுதுங்கள். வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாறியிருந்தால் எண்ணும் மாறியிருக்கலாம், பழைய எண்ணையும் சேர்த்து எழுதினால் தேடுவது சுலபம். கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் இங்கே நகல் எடுக்க வழியில்லை, கட்டு இருக்கிற இடத்தில்தான் கேட்க வேண்டும். வழக்கில் தரப்பினர் அல்லாதவர் கேட்டால், ஏன் தேவை என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு செய்து நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும்.

நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கொடுத்துத் தீர்ப்பை இறக்கிப் படிக்கலாம். படிக்கவும் வக்கீலிடம் காட்டவும் அது நல்லது. சான்றிட்ட நகலுக்கு அது ஈடாகாது.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பக்கங்களை எண்ணுங்கள். முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சொத்து வழக்கென்றால் தபசிலை (சொத்து விவரத்தை) பிராதோடு (வழக்குத் தொடுத்த மனுவோடு) ஒப்பிடுங்கள்: சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு, நான்கு எல்லைகள். 112/3 என்பது 113/2 ஆகிவிட்டால் பத்திரப் பதிவிலும், பட்டா மாற்றத்திலும், நிறைவேற்று மனுவிலும் அது வந்து நிற்கும். பிழை நகலில் மட்டும் என்றால் மூலத்தோடு ஒப்பிட்டு அலுவலகமே திருத்திக் கொடுக்கும். மூலத் தீர்ப்பாணையிலேயே பிழை என்றால் எங்களால் ஒரு புள்ளியைக்கூடத் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 152-இன் கீழ் மனு செய்து, நீதிபதி உத்தரவிட்டால்தான் திருத்தலாம். எழுத்தரிடம் கெஞ்சியும் கோபித்தும் பயனில்லை.

மேல்முறையீட்டுக் கெடு தவறிவிட்டால், காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இன் கீழ் தாமத மன்னிப்பு மனு ஒன்றுதான் மிச்சம். அதற்குப் போதிய காரணம் காட்ட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு போன்ற ஆதாரங்களைத் தேதியோடு சேருங்கள். 'உடல்நிலை சரியில்லை' என்ற ஒற்றை வரி மட்டும் போதாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி மையத்தை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. குற்ற வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் அன்றே இலவசமாகத் தரப்பட வேண்டும்.

இன்னொன்று. மூலக் கிரயப் பத்திரத்தைச் சான்றாவணமாகக் கொடுத்தவர்கள், மேல்முறையீட்டுக் காலம் கடந்த பின், ஆவணம் திரும்பக் கேட்டு மனு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டு பதிவறைக்குப் போய் ஆண்டுகள் ஆன பிறகு தேடினால் உங்களுக்கும் கஷ்டம், தேடுகிற எங்களுக்கும் கஷ்டம்.