உடைவதற்கு முன் விழும் வெள்ளைக் கோடு

பள்ளிக்கூடப் பையில் கிடக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும் மலிவான பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில், ஸ்கேலுக்குக் குறுக்காக, மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் விழும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் படக்கென்று இரண்டாகிவிடும். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் விரிசல் விட்டுவிட்டது என்றுதான் நினைப்போம். உண்மையில் விரிசல் இன்னும் விழவில்லை. விழாமல் இருக்க அந்தப் பொருள் போராடும் இடம் அது.

இப்படிப் படக்கென்று உடையும் ஸ்கேல்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. தெர்மாகோலும் இதேதான், பொரி மாதிரி உப்ப வைத்தது, அவ்வளவே.

1839-இல் பெர்லினில் மருந்துக்கடை வைத்திருந்த எடுவார்ட் சீமோன், ஸ்டோராக்ஸ் என்ற மரப்பிசினைக் காய்ச்சி வடித்து எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை எடுத்தார். இன்று அதை ஸ்டைரீன் என்கிறோம். சில நாட்களில் அது கூழாக இறுகிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டது போலும் என்று எண்ணினார். 1845-இல் பிளைத், ஹாஃப்மன் என்ற வேதியியலாளர்கள் இருவரும் காற்றே படாமலும் அது இறுகுவதைக் காட்டினார்கள். வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை என்றால் இறுகியது எப்படி? சின்ன மூலக்கூறுகளே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகின்றன என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதினார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று அன்று பல வேதியியலாளர்கள் மறுத்தார்கள். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோக்கும் விதம் எளிது. ஸ்டைரீனில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு ஒரு துணுக்கு வந்து மோதினால் அந்தப் பிணைப்பு திறந்து ஒட்டிக்கொள்ளும். உடனே மறுமுனையில் இன்னொரு தனி எலக்ட்ரான் முளைக்கும். அது அடுத்த ஸ்டைரீனைப் பிடிக்கும். இப்படியே ஆயிரக்கணக்கில் நீளும் சங்கிலிதான் பாலிஸ்டைரீன். ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வெப்பத்தை விடும். வெப்பம் ஏறினால் வேலை இன்னும் வேகமாகும். அதனால்தான் ஸ்டைரீனைக் குளிர்ச்சியாக, கோப்பதைத் தடுக்கும் ரசாயனம் கலந்து வைக்க வேண்டும். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் நடந்ததை மறக்க முடியாது. ஊரடங்கில் ஓடாமல் கிடந்த ஆலையின் தொட்டியில் தேங்கிய ஸ்டைரீன் தானாகவே கோக்கத் தொடங்கியது. சூடு கட்டுக்கு அடங்கவில்லை. வெளியேறிய ஆவி, தூங்கிக்கொண்டிருந்த வெங்கடாபுரம் மக்கள் மேல் படர்ந்தது. 12 உயிர்கள் போயின.

சரி, ஸ்கேலுக்கு வருவோம். இந்தச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு பென்சீன் வளையம் தொங்குகிறது. பருத்த வளையம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒழுங்கில்லாமல் நிற்கும். அதனால் சங்கிலிகள் வரிசையாக அடுக்காகிப் படிகமாக முடியாது. ஒளி தடையின்றிப் போவதால் பொருள் பளிங்குபோலத் தெரிகிறது. சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த வளையங்கள் அசைய இடமில்லாமல் சங்கிலிகள் விறைத்துவிடும். விறைத்த சங்கிலிகள் பிரிந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சிக்குதான். நீளமான கூந்தலில்தான் சிக்கு விழும், கிராப்புத் தலையில் விழாது. அதுபோலச் சங்கிலி போதிய நீளம் இல்லையென்றால் பாலிஸ்டைரீன் கையிலேயே பொடிந்துவிடும்.

இழுவிசை ஓரிடத்தில் குவியும்போது அங்கே பொருள் பஞ்சு மாதிரிப் பிரிகிறது. நடுவே நுண்ணிய வெற்றிடங்கள். அவற்றுக்குக் குறுக்கே பாலம்போல நூலிழைகள். ஒவ்வோர் இழையும் தலைமுடியின் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். இதைக் கிரேஸ் என்பார்கள். வெற்றிடங்களில் ஒளி சிதறுவதால்தான் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. விரிசல் எந்தப் பளுவையும் தாங்காது. கிரேஸ் தாங்கும், இழைகள் அறும்வரை. அங்கே எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். எண்ணெய் உள்ளே புகுந்து சங்கிலிகளை வழுக்கிவிடும். சாதாரணமாகத் தாங்கும் அழுத்தத்திலேயே உடையும்.

கிரேஸ் ஒன்றிரண்டு மட்டும் விழுந்தால் சுமை முழுவதும் அவற்றின் மேல் ஏறிவிடும். ஆயிரக்கணக்கில் விழுந்தால்? இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பாலிஸ்டைரீனில் கொஞ்சம் ரப்பரைச் சேர்த்தால் அது மைக்ரான் அளவு உருண்டைகளாக எங்கும் பரவி நிற்கும். ஒவ்வோர் உருண்டையின் ஓரத்திலும் குட்டிக் குட்டிக் கிரேஸ்கள் பிறக்கும். அடியின் வேகத்தை எல்லாம் பங்குபோட்டு வாங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் வெள்ளை உட்சுவர் பெரும்பாலும் இந்த வகைதான். கீழே காய்கறி வைக்கும் தெளிவான தட்டு பெரும்பாலும் ரப்பர் சேராதது. தட்டு கைதவறி விழுந்தால் ஏன் அப்படித் தெறிக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே ஸ்கேலைப் பிடியுங்கள். நிறம் தெரியவில்லையென்றால் தலையை மெல்லச் சாயுங்கள். வானவில் பட்டைகள் தெரியும். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பாய்ச்சியபோது இழுபட்ட சங்கிலிகள், ஆறும் அவசரத்தில் அப்படியே உறைந்துபோன தடங்கள் அவை. பாய்ச்சிய வாய் இருந்த இடத்தில் பட்டைகள் நெருக்கமாக இருக்கும். ஸ்கேலைக் கொஞ்சம் வளையுங்கள், நிறங்கள் நகரும்.